அணைத்த பின்னும் அணையாதது: மறையாக்கத்தைத் திரும்பப் பெறுதலின் ஒரு சிறு வரலாறு

(பதிவு சற்று நீளமானது. மொழியியல் மாணவர்களையும் தரவகங்களில் பணிபுரிவோரையும் எண்ணி எழுதியது.)

ஒரு தரவுத்தளத்தில் மறையாக்கத்தை இயக்க ஒரு கட்டளை போதும். அதை நீக்கவும் ஒரு கட்டளை போதும் என்றே கையேட்டை மேலோட்டமாகப் புரட்டுவோர்க்குத் தோன்றும். கட்டளை பிறப்பிக்கப்பட்ட கணத்துக்கும் மறையாக்கம் உண்மையில் நீங்கிய கணத்துக்கும் இடையே எவ்வளவு காலம் கிடக்கிறது என்பதைத்தான் இப்பதிவில் பார்க்கப் போகிறேன். சில இடங்களில் அந்த இடைவெளி சில மணி நேரம். ஓரிடத்தில் பதினைந்து ஆண்டுகள். இந்தியச் சட்டத்தில் அது இன்னும் மூடப்படவே இல்லை.

முதலில் ஒரு சொற்சிக்கல். தமிழில் 'குறியாக்கம்' என்ற சொல் இரண்டு வேலைகளைச் சுமக்கிறது. எழுத்துகளுக்கு எண் வழங்கும் யூனிகோட் முறையையும் குறியாக்கம் என்கிறோம். திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை உருமாற்றுவதையும் குறியாக்கம் என்றே பலர் எழுதுகின்றனர். முன்னது எல்லோரும் படிப்பதற்கான ஏற்பாடு. பின்னது சிலர் மட்டும் படிப்பதற்கான ஏற்பாடு. நேரெதிரான இரு நோக்கங்கள் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பது கலைச்சொல்லாக்கத்தில் நாம் காட்டிய அசிரத்தை என்றே கருதுகிறேன். பின்னதற்கு 'மறையாக்கம்' என்ற சொல்லும் வழக்கில் உண்டு. இப்பதிவில் அதையே பயன்படுத்துகிறேன்.

மறைத்துப் பேசும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக நன்னூல் குழூஉக்குறியை வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் பள்ளி மாணவர் வரை அறிந்த எடுத்துக்காட்டுகள். காமசூத்திரம் அறுபத்துநான்கு கலைகளுள் மறைமொழியில் எழுதுவதையும் பேசுவதையும் சேர்த்து எண்ணுகிறது. இவற்றுள் குழூஉக்குறிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதை யாரும் 'திரும்பப் பெற' முடியாது. பொற்கொல்லர் எல்லோரும் கூடிப் பேசி நாளை முதல் 'பொன்' என்றே சொல்வது என முடிவெடுத்தாலும், ஒரு தலைமுறை வரை 'பறி' என்னும் சொல் அக்குழுவின் காதில் பொன்னாகவே ஒலிக்கும். மொழியில் ஒரு வழக்கு ஒழிவது அறிவிப்பால் நிகழ்வதில்லை; பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் கைவிடுவதால் நிகழ்வது. கணினி வலையமைப்பும் இந்த வகையில் மொழிச் சமூகம் போன்றதே என்பதற்கு அமெரிக்க ஏற்றுமதி விதிகளின் கதை நல்ல சான்று.

1990களில் அமெரிக்கா வலுவான மறையாக்கத்தைப் போர்த்தளவாடமாகக் கருதியது. வெளிநாட்டுக்கு அனுப்பும் மென்பொருளில் திறவுகோலின் நீளம் 40 பிட்டுக்கு மேல் போகலாகாது என்பது நடைமுறை. ஆகவே நெட்ஸ்கேப் உலாவிக்கு இரு பதிப்புகள் இருந்தன: உள்நாட்டுக்கு 128 பிட், உலகத்துக்கு 40 பிட். 40 பிட் எத்தகைய பாதுகாப்பு என்பது 1995-இலேயே வெளிப்பட்டுவிட்டது. பிரான்சில் தாமியன் தோலிகே என்னும் ஆய்வாளர் தம் நிறுவனத்துக் கணினிகளின் ஓய்வு நேரத்தைப் பயன்படுத்தி அத்தகைய ஒரு திறவுகோலை எட்டே நாளில் கண்டுபிடித்தார். 2000 சனவரியில் அமெரிக்க அரசு கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்தியது. வலுக்குறைந்த ஏற்றுமதித் தரத்துக்கு அதன்பின் தேவையில்லை. விதி திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

ஆனால் அந்த ஏற்றுமதித் தர முறைகள் வழங்கிகளின் நிரல்களுக்குள் அப்படியே கிடந்தன. யாரும் கேட்பதில்லை, ஆகவே யாரும் நீக்கவில்லை. 2015 மார்ச்சில் 'ஃபிரீக்' என்று பெயரிடப்பட்ட தாக்குதல் வெளியானது. இடையில் நிற்கும் ஒருவர் இரு கணினிகளின் முதல் உரையாடலில் கைவைத்து, ஏற்றுமதித் தரத் திறவுகோலே போதும் என்று அவற்றை நம்பவைக்க முடிந்தது. 512 பிட் ஆர்எஸ்ஏ திறவுகோலை வாடகைக் கணினிகளைக் கொண்டு சில மணி நேரத்தில் உடைக்கவும் முடிந்தது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் சொந்த இணையத்தளமும் இதற்கு ஆளாகக்கூடியதாக இருந்தது என்பது இக்கதையின் கசப்பான நகைச்சுவை. அடுத்த மே மாதம் அதே வழியில் 'லாக்ஜாம்' வந்தது. சட்டம் ஒழிந்து பதினைந்து ஆண்டு ஆன பிறகும் அச்சட்டத்தின் மொழியை இரு தரப்புக் கணினிகளும் மறக்கவில்லை. 'பறி' என்றவுடன் பொன் நீட்டப்பட்டது.

இந்தியாவும் இதே 40 பிட் எண்ணை எடுத்துக்கொண்டது. 1990களின் இறுதியில் இணையச் சேவை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டபோது, உரிமத்தில் ஒரு நிபந்தனை இடம்பெற்றது: 40 பிட் வரை அனுமதி தேவையில்லை, அதற்கு மேல் வேண்டுமானால் முன் அனுமதி பெற்று, திறவுகோலை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 2001 சூனில் இந்திய ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கான வழிகாட்டு நெறிகளில் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. அரசின் ஒரு கை கூடாது என்றதை மற்றொரு கை கட்டாயம் என்றது. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிக்க இயலாது. நாடு முழுதும் வங்கிகள் பின்னதைக் கடைப்பிடித்தன, முன்னதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. நம் நாட்டில் விதிகள் பெரும்பாலும் இப்படித்தான் காலாவதியாகின்றன.

2008-ஆம் ஆண்டுத் திருத்தம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 84ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. மறையாக்கத்துக்கான முறைகளை மத்திய அரசு வகுக்கலாம் என்பது அதன் சாரம். அத்திருத்தம் 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு, மறையாக்கத்தை நீக்கித் தருமாறு ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு வழங்குகிறது. 2010-இல் பிளாக்பெரி நிறுவனத்துக்கு உள்துறை அமைச்சகம் கெடு விதித்ததும், செய்திகளைச் சட்டப்படி அணுகும் வழி கேட்டதும் பலருக்கு நினைவிருக்கலாம்.

84ஏ பிரிவின் கீழான கொள்கை வரைவு 2015 செப்டம்பரில்தான் வெளிவந்தது. இதைச் சற்று நின்று பார்ப்பது தகும். நானறிந்தவரை, மறையாக்கத்தைத் தலைகீழாக்கும் எண்ணம் இவ்வளவு வெளிப்படையாக எழுதப்பட்ட அரசு ஆவணங்கள் மிகச் சில. குடிமக்களும் நிறுவனங்களும் தாம் மறையாக்கம் செய்த தகவலின் மூல உரையை 90 நாள் வைத்திருக்க வேண்டும். கேட்கும்போது அதனை அமைப்புகளிடம் காட்ட வேண்டும். பூட்டிய பெட்டியின் பக்கத்திலேயே அதன் உள்ளடக்கத்தின் நகலைத் திறந்து வைத்திருக்கச் சொல்வதற்கு ஒப்பானது இது. பூட்டுவதைத் தடைசெய்யாமலே பூட்டின் பயனை நீக்கும் முறை. வரைவு பரிந்துரைத்த முறைகளுள் ஆர்சி4-உம் ஒன்று. அதே ஆண்டு பிப்ரவரியில் இணையப் பொறியியல் பணிக்குழு பாதுகாப்பான இணைப்புகளில் ஆர்சி4 கூடவே கூடாது என்று அறிவித்திருந்தது. வரைவை எழுதியவர்கள் அதைப் படிக்கவில்லை போலும்.

எதிர்ப்பு எழுந்தது. வாட்ஸ்அப், முகநூல், டுவிட்டர் போன்றவற்றுக்கும் வங்கிப் பரிமாற்றங்களுக்கும் விலக்கு உண்டு என்று ஒரு பின்னிணைப்பு அவசரமாக வந்தது. செப்டம்பர் 22 அன்று அமைச்சர் இரவிசங்கர் பிரசாத் வரைவையே திரும்பப் பெறுவதாக அறிவித்தார். செய்தித்தாள்களில் கதை அங்கே முடிகிறது. சட்டப் புத்தகத்தில் முடியவில்லை. 84ஏ அப்படியே இருக்கிறது. அதன் கீழ் வேறு கொள்கை அறிவிக்கப்படவும் இல்லை. 2013-க்குப் பிந்தைய ஒருங்கிணைந்த உரிமத்தில் 40 பிட் என்னும் எண் இல்லை. பயனர் மறையாக்கம் அரசின் கொள்கைக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்ட விதிகளுக்கும் உட்பட்டது என்றே இருக்கிறது. அந்த விதிகளோ எழுதப்படவில்லை. ஓர் ஆவணம் இல்லாத இன்னோர் ஆவணத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கிறது. வரைவு திரும்பப் பெறப்பட்டது; அதைப் பிறப்பித்த அதிகாரம் திரும்பப் பெறப்படவில்லை.

தரவுத்தளத்துக்கு வருவோம். வட்டில் கிடக்கும் கோப்புகளைத் தரவுத்தள மென்பொருளே மறையாக்கம் செய்துகொள்ளும் முறை 2005-இல் ஆரக்கிள் 10ஜி இரண்டாம் வெளியீட்டில் அறிமுகமானது. மைக்ரோசாஃப்ட் 2008-இல் தன் எஸ்கியூஎல் சர்வரில் சேர்த்தது. திறமூல உலகத்துக்கு இது தாமதமாகவே வந்தது: மரியாடிபி 10.1-இல் 2015-இல், மைஎஸ்கியூஎல் 5.7-இல் 2016-இல். உயர்கிடைப்புக் கொத்துகளும் ஏறத்தாழ இதே காலத்தில்தான் பரவின. அதாவது ஒரே தரவை மூன்று அல்லது ஐந்து கணினிகளில் எப்போதும் ஒத்த நிலையில் வைத்து, ஒன்று விழுந்தாலும் சேவை நிற்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்புகள். இரண்டும் சேர்ந்தபோதுதான் 'திரும்பப் பெறுதல்' சிக்கலானது.

கலேரா முறையில் இயங்கும் மூன்று கணு மரியாடிபி கொத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம்; பல்கலைக்கழகங்களில் பரவலாகக் காணப்படும் அமைப்பு. இங்கு இருவகைக் கட்டளைகள் உள்ளன. ஓர் அட்டவணையின் அமைப்பை மாற்றும் கட்டளை எல்லாக் கணுக்களிலும் ஒரே வரிசையில் நிறைவேறும். கணுவின் உலகளாவிய மாறியை மாற்றும் கட்டளையோ அது இடப்பட்ட கணுவோடு நின்றுவிடும். அட்டவணைகளை மறையாக்கம் செய்யும் மாறி இரண்டாவது வகை. ஒரு கணுவில் அதை அணைத்தவர் கொத்து முழுதும் அணைந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளலாம். மற்ற இரண்டும் பழையபடியே மறைத்துக்கொண்டிருக்கும். பயனருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. கொத்து மூன்று கணுக்களிடமும் ஒரே விடையைத்தான் பெறுகிறது. விடை எந்த வடிவில் வட்டில் உறங்குகிறது என்பதை அது கேட்பதே இல்லை.

அணைத்த கணுவிலும் வேலை உடனே முடிவதில்லை. பின்னணியில் இயங்கும் இழைகள் பக்கம் பக்கமாகக் கோப்புகளைத் திறந்து எழுத வேண்டும். அந்த இழைகளின் எண்ணிக்கை சுழியமாக வைக்கப்பட்டிருந்தால் எதுவும் நடவாது. அமைப்பு 'அணைந்தது' என்று சொல்லும், கோப்புகள் மறைந்தே கிடக்கும். உருவாக்கும்போதே மறையாக்கம் வேண்டும் என்று வெளிப்படையாகக் குறிக்கப்பட்ட அட்டவணைகளைப் பின்னணி இழைகள் தொடுவதில்லை. அவற்றைத் தனித்தனியே மாற்ற வேண்டும். மீள்செய் பதிவுக்கு வேறொரு மாறி. நகலாக்கப் பதிவுக்கு இன்னொன்று. அதை அணைத்தாலும் முன்னரே எழுதப்பட்ட பதிவுக்கோப்புகள் நீக்கப்படும் வரை மறைந்தே இருக்கும். இவையெல்லாம் முடியுமுன் திறவுகோல் மேலாண்மைச் செருகுநிரலை நீக்கினால் தரவையே இழக்க நேரிடும். விழுந்த கணு ஒன்று மீண்டும் சேரும்போது கோப்புகளை இருந்தபடியே நகலெடுக்கும் முறையைப் பயன்படுத்தினால், கொடுக்கும் கணுவில் மறைந்திருப்பது பெறும் கணுவிலும் மறைந்தே வந்து சேரும். அங்கும் அதே திறவுகோல் வேண்டும். பாதி நீக்கிய நிலையில் கொத்தின் நினைவு இப்படித் தன்னைத்தானே மறுபிறப்பெடுக்கச் செய்யும்.

மற்ற அமைப்புகளும் இவ்வகையிலேயே. மோங்கோடிபியில் இருந்த இடத்திலேயே நீக்க வழியில்லை. ஒவ்வோர் உறுப்பையும் வெறுமையாக்கி, மறையாக்கமின்றி மறுபடி ஒத்திசைக்க வேண்டும். எனக்கு இது நேர்மையான முறையாகப் படுகிறது. குறைந்தது, முடிந்ததா இல்லையா என்ற ஐயம் எழாது. எஸ்கியூஎல் சர்வரில் மறையாக்கத்தை நீக்கிய பின்னும் பழைய காப்புநகல்களுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். கோப்புகள் திறந்தாயிற்று என்று சான்றிதழை அழித்தவர், அதற்கு முந்தைய காப்புநகல்கள் அனைத்தையும் சேர்த்தே அழித்தவராகிறார்.

இது எனக்கு ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. என் ஆய்வு வாளையாரிலிருந்து சிற்றூர், கொழிஞ்சாம்பாறை வழியாகத் தெற்கே தேவிகுளம், பீர்மேடு வரையிலான எல்லைத் தமிழ்ப் பேச்சு குறித்தது. வாளையார் மாநில எல்லையானது 1956 நவம்பர் 1-க்குப் பிறகுதான். அதுவரை அதன் மேற்கிலிருந்த மலபாரும் கிழக்கிலிருந்த கோயம்புத்தூரும் ஒரே சென்னை மாநிலத்தின் மாவட்டங்கள். தேவிகுளமும் பீர்மேடும் அப்படியல்ல. அவை பழைய திருவிதாங்கூர். ஒரு பக்கம் எழுபது ஆண்டு எல்லை, மறுபக்கம் சமஸ்தானக் காலத்து எல்லை. இவ்விரு எல்லைகளும் பேச்சில் வெவ்வேறு வகையில் பதிந்துள்ளனவா என்பதே என் கேள்வி. அதற்காகச் சேர்த்த ஒலிப்பதிவுகள் மேற்சொன்னது போன்ற மூன்று கணுக் கொத்தொன்றில் உள்ளன. பதிவில் பேசுவோருள் எரவாளர், முதுவர் குடிகளைச் சேர்ந்தோரும் உண்டு. முப்பது வீடுகள் கொண்ட ஒரு குடியில் பெயரை நீக்கிவிடுவதால் ஆள் மறைவதில்லை, குரலே பெயர். வன உரிமை பற்றியும் கூலி பற்றியும் அதிகாரிகள் பற்றியும் அவர்கள் பேசியதை நான் இலக்கண எடுத்துக்காட்டாகக் கேட்கிறேன். வேறொருவர் வேறுவிதமாகக் கேட்கலாம்.

அண்மையில் அக்கொத்தைப் பராமரிக்கும் கணினி மையம் மறையாக்கத்தை நீக்க முன்மொழிந்தது. காரணம் பொய்யன்று: மறையாக்கம் செய்த கோப்புகள் சுருங்குவதில்லை, ஒரே தரவின் பல நகல்களை அடையாளம் கண்டு ஒன்றாக்கவும் இயலாது, ஆகவே காப்புநகல்கள் வட்டை விழுங்குகின்றன. வேகம் குறைகிறது என்றும் ஒரு காரணம் சொல்லப்பட்டது. அதை நான் ஏற்கவில்லை. செயலிகளிலேயே இதற்கான கட்டளைகள் பதிக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. ஆயினும் என் மறுப்பு தொழில்நுட்பம் சார்ந்ததன்று. பேசியவர்களிடம் கையொப்பமும் விரல்ரேகையும் பெற்ற ஒப்புதல் படிவத்தில், பதிவுகள் பூட்டிய நிலையிலேயே வைக்கப்படும் என்று எழுதி, வாசித்தும் காட்டியிருக்கிறேன். மாறியை அணைக்கலாம், அந்த வாசிப்பை அணைக்க எந்தக் கட்டளையும் இல்லை. ஒப்புதல் தந்தவர்களிடம் மீண்டும் சென்று கேட்காமல் நீக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

சட்டம் இங்கு நமக்குச் சாதகமாக இருப்பதுபோல் தோன்றுவதுதான் ஆபத்து. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றது. 2023-ஆம் ஆண்டின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கோருகிறது. ஆனால் அச்சட்டமே ஆய்வு, ஆவணக்காப்பு, புள்ளியியல் நோக்கங்களுக்கு, குறிப்பிட்ட தரநிலைகளுக்கு உட்பட்டு, விலக்கும் அளிக்கிறது. ஆய்வாளர் சமூகம் இதை நிம்மதியுடன் வரவேற்றது. நான் அவ்வளவு நிம்மதி அடையவில்லை. விலக்கு பெற்றவர் எந்த அளவுக்குத் தாமாகவே கட்டுப்படுகிறார் என்பதைப் பார்க்கக் குடிகளுக்கு வழியில்லை.

வாளையாருக்கே 'நீக்குதல்' பற்றி ஒரு பாடம் உண்டு. கேரளத்துக்குள் நுழையும் சரக்கு வண்டிகள் வணிகவரிச் சாவடியில் வரிசைகட்டி நின்ற காலம் 2017 சூலை 1-இல், சரக்கு சேவை வரி வந்த நாளில், முடிந்தது. சாவடி போயிற்று, சோதனை போகவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு மின்வழிச்சீட்டு கட்டாயமாயிற்று. சாலையோரத்துத் தாள் மையத் தரவுத்தளத்துக்குக் குடிபெயர்ந்தது. 2020 மே மாதம் பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி நுழைவுச்சீட்டு இல்லாதோர் அதே வாளையாரில் வெயிலில் காத்துக்கிடந்தனர். கேரள உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. தடுப்புக் கட்டையை எடுத்த இடத்தில் தரவுத்தளம் நின்றது. அங்குள்ள தேநீர்க் கடைகளில் மக்கள் இன்றும் அவ்விடத்தைச் 'செக்போஸ்ட்' என்றே குறிக்கின்றனர். இடப்பெயராகவே அது தங்கிவிட்டது.

எங்கள் கொத்தில் இப்போதைக்கு ஓர் இடைநிலை ஏற்பாடு. ஒலிப்பதிவுகளும் பேசுவோர் விவரங்களும் மறையாக்கத்துடனே இருக்கும். சொற்பட்டியல், ஒலியன் பகுப்பு போன்ற ஆளைக் காட்டாத அட்டவணைகளில் மட்டும் நீக்கப்படும். அட்டவணைவாரிக் கட்டளையை மட்டுமே பயன்படுத்துவது, கணுவின் மாறியைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தோம். அப்போதுதான் மூன்று கணுக்களும் ஒரே நிலையில் இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் மறையாக்க நிலையைக் காட்டும் தகவல் அட்டவணையைத் தனியே பார்த்து உறுதிசெய்கிறோம். முந்தைய காப்புநகல்கள் இருக்கும் வரை பழைய திறவுகோலும் இருக்கும்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். களப்பணிக்குச் செல்லும் நண்பர்கள், தம் ஒப்புதல் படிவங்களில் இதை எந்தச் சொல்லால் எழுதுகின்றனர், பேச்சில் எப்படி விளக்குகின்றனர் என்பதைக் கீழே எழுதுங்கள். நான் 'பூட்டி வைப்பது' என்றே சொல்லி வந்தேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு முதியவர் திருப்பிக் கேட்டார்: "சாவி யார் கையில இருக்கும்?" அந்தக் கேள்விக்கான விடையை எழுத என் படிவத்தில் இதுவரை இடமில்லை, அடுத்த பதிப்பில் அதற்கென ஒரு வரி சேர்க்கிறேன்.